பார்வதம்மா வீட்டுப் பொன்னாங்கண்ணி

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை, சாம்பியன் ரீப்ஸ் என்ற பழைய தங்கச் சுரங்க ஊர். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டின் அடியில், ஒரு வீட்டுக் கொல்லையில் வளரும் பொன்னாங்கண்ணியில் ஆறாவது மாதமாக ஆர்சனிக் விஷம் இல்லை. அதற்கு முன் நிறையவே இருந்தது.

அந்த முடிவுத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டாக்டர் ஜெயமேரி அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

தாவர உயிர்வேதியியலில் முப்பத்தொரு வருஷம். பெங்களூரில் வேலை பார்த்தபோது வந்த கட்டுரைகளில் எல்லாம் அவர் பெயர் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும். ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன, சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டுக்குத் திரும்பி, ஒண்டியாகத் தொடங்கிய ஆராய்ச்சி இது. இதில் ஒரே பெயர்தான்.

"வாங்க டாக்டரம்மா! கரன்ட்டு ரீடிங் எடுக்கறவன்கூட இவ்ளோ கரெக்டா வரமாட்டான்" என்றார் பார்வதம்மா.

டீ வந்தது. தட்டு நிறைய முறுக்கு வந்தது.

"உங்க பையன் சுனில் போன் பண்ணானா?" என்று கேட்டார் ஜெயமேரி.

"பண்ணுவான். அவனுக்கு இன்னா, நைட்டு ஷிப்ட்டு, பகல்ல தூக்கம். நீங்க சாப்பிடுங்க."

பிறகு கீரை வந்தது. வாழைநாரில் இறுக்கிக் கட்டிய கட்டு. பிப்ரவரியில் முழங்கால் போனதிலிருந்து ஜெயமேரியால் கொல்லைச் சரிவில் இறங்க முடியவில்லை. பறித்துத் தருவது பார்வதம்மாதான்.

"இன்னிக்கு இலை போதாதுக்கா. வேரோட ஒரு செடி வேணும்."

"வேரு எதுக்கு?"

"மண்ணுல விஷம் அப்படியே இருக்கு. செடிக்குள்ள மட்டும் ஏறலை. வேர் எப்படியோ தடுக்குது. அது எப்படின்னு தெரிஞ்சா, இந்த மேட்டைச் சுத்தி இருக்கறவங்க எல்லாம் பயமில்லாம கீரை போடலாம்." ஜெயமேரி முடிவுத் தாளை எடுத்துக் காட்டினார். "என் வாழ்க்கையில நான் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான்."

பார்வதம்மா காலி டம்ளரை எடுத்தார். "அடுத்த மாசம் தரேனே."

"வேரைப் பாக்காம பத்திரிகையில போடமாட்டாங்கக்கா. இன்னிக்கே அனுப்பணும்."

"இன்னா அவசரம்? இன்னொரு டீ போடறேன்."

"நீங்க சிரமப்படாதீங்க. நானே மெதுவா இறங்கிக்கறேன்."

ஜெயமேரி சுவரைப் பிடித்து எழுந்து பின்கதவை நோக்கி நடந்தார். பார்வதம்மா குறுக்கே வந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார்.

"போவாதீங்க. அங்க ஒண்ணும் இல்ல. வெயில்ல எல்லாம் மார்ச்சு மாசமே பட்டுப்போச்சு."

 ஜெயமேரி கையிலிருந்த கீரைக் கட்டைப் பார்த்தார்.

"அப்போ இது?"

பார்வதம்மா தலை நிமிரவில்லை.

"செடி இல்லன்னா நீங்க வரமாட்டீங்களேன்னு, மாசாமாசம் மார்க்கெட்ல வாங்கியாந்தேன்."