இடப்பக்கத் திரை

லினக்ஸ் கணினியின் திரையடியில் நேரமும் மெனுவும் காட்டும் பட்டையை, பேனலை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காணோம். பழுது பார்க்கும் செபஸ்தியானைப் போனில் பிடித்தாள் செந்தாமரை. அவன் சொன்ன கமாண்டை அடித்து, வந்த பதிலை வாசித்துக் காட்டினாள்.

“பேனல் எங்கயும் போகலைக்கா. இடப்பக்கத் திரையில இருக்கு.”

“அந்தத் திரையைத்தான் ஞாயித்துக்கிழமை என் தம்பி சண்டை போட்டுட்டுக் கையோட தூக்கிட்டுப் போயிட்டானே!”

“கம்ப்யூட்டருக்கு அது தெரியலை. இன்னும் ரெண்டு திரை இருக்குன்னே நினைச்சுட்டிருக்கு. பேனலை இந்தப் பக்கம் இழுத்துடலாமா?”

அவள் மவுஸை இடதுபுறம் தள்ளினாள். அம்பு விளிம்பைத் தாண்டி மறைந்தது. மேசையில் தம்பியின் பாதி வெறிச்சென்றிருந்தது. அவன் திரை நின்றிருந்த, தூசு படியாத சதுரத்துக்கு மேலே எங்கோ அம்பு நின்றுகொண்டிருக்க வேண்டும்.

“இருப்பா,” என்றாள். “அங்க வேற என்னெல்லாம் திறந்து கிடக்குன்னு முதல்ல பார்க்க முடியுமா?”