சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே

மைதானத்தில் இரண்டாயிரம் பேரை நிற்கவைத்து நாட்டின் வரைபடத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நூற்பாலையில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளுக்குப் பச்சைத் தொப்பி கொடுத்து, தெற்கு ஓரத்தில் நிறுத்தியிருந்தார் சூப்பர்வைசர். "ஒங்க ஊரு சரியா இந்த எடத்துலதாம்மா வருது" என்றார். அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் காலுக்கடியில் பஸ் ஸ்டாண்டு இருப்பதாகப் பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரமாகக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதில் பாதம் கொதித்தது. ஓரெட்டில் வரைபடத்தின் எல்லையாகப் போட்ட சுண்ணாம்புக் கோடு. அதற்கு அப்பால் கடல். கடலில் ஒரு தண்ணீர் டிரம் இருந்தது. கோட்டைத் தாண்டிப் போய்க் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

உயரத்தில் கட்டிய மேடையிலிருந்து மைக் அவளுக்குத் தெரியாத மொழியில் கத்தியது. சூப்பர்வைசர் ஓடிவந்தார். "கேமராவுல கீழ ஓட்டை தெரியுதாம். நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க!"

பேச்சியம்மாள் திரும்பி வந்தபோது அவள் நின்ற இடத்தைக் காணோம். தோளும் தோளும் ஒட்டியிருந்தன.

"நான் நின்ன எடம்யா இது. எங்க ஊரு."

"இப்ப படம் சரியாயிட்டும்மா. நீ குறுக்க வராத" என்றார் சூப்பர்வைசர்.

அதற்குள் தேசிய கீதம் தொடங்கிவிட்டது. இனி யாரும் அசையக் கூடாது. கடலில் நின்றபடியே அவளும் கைகளை உடம்போடு ஒட்டி விறைத்து நின்றாள். வலது காலின் பெருவிரல் மட்டும் சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.