நாகம் 47

ஊரைச் சுற்றியுள்ள நாகங்களுக்கெல்லாம் நாங்கள் சிப் பொருத்தியிருந்தோம்; அறுபத்தொரு மணி நேரமாக நாகம் 47-இன் சிப்பிலிருந்து சிக்னல் வரவில்லை. எழுபத்திரண்டு மணி நேரம் ஆகும்வரை ஊராரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆய்வு விதி. சொன்னால் கண்ணில் படும் பாம்பையெல்லாம் அடித்துவிடுவார்கள்.

கடைசி சிக்னல் வேதவல்லி அக்கா வீட்டிலிருந்து வந்திருந்தது. தேடிப் போனேன். எனக்கு டீ போட அவர் விறகு எடுக்கப் போனார். முன்பெல்லாம் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

“கம்பு எங்கேக்கா?”

“அது எதுக்கு இப்ப? பாம்பு கிட்ட வந்தா நீங்க போட்டுக் குடுத்த ஆப்பால போனே கத்துமே. பச்சைதான காட்டுது! நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

அவர் கை முழங்கைவரை விறகுக்குள் போனது.

“அக்கா, மெதுவா கையை வெளிய எடுங்க. ஒரு நாகம் மட்டும் போன்ல தெரியாது. அது எங்க இருக்குன்னு ரெண்டரை நாளா எங்களுக்கே தெரியல.”