கையை எடுங்க

பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் 'இதய நோய் இல்லை' என்று எழுதியாகிவிட்டது. பச்சைப் பொய்.

எழுதச் சொன்னவர் ஓவர்சியர். கட்டட வேலையில் காலம் தள்ளி ரிடயர் ஆனவர். இதயக் குழாய் அடைப்புக்கு வைத்த ஸ்டென்ட் நெஞ்சுக்குள் இருக்கிறது. எழுதியவன் காப்பீட்டு ஏஜென்ட்.

"அடைப்பை எடுத்தாச்சு. ரிப்பேர் பண்ணின பைப்பை ஓட்டைப் பைப்புன்னு எவனாவது எழுதுவானா?" என்றார் ஓவர்சியர்.

"மாட்டான் சார்." ஏஜென்டுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "சார் சொன்னா சரி. இல்லைன்னே போட்டுடறேன்."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, பொண்ணு பிரசவத்துக்குன்னு வெளிநாடு போற இடத்துல இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா? மறைச்சுட்டீங்கன்னு சல்லிக்காசு தர மாட்டாங்களே. பிள்ளை பெத்துப் படுத்திருக்கறவ ஆஸ்பத்திரி பில்லுக்கு எங்கே போய் முட்டிக்குவா?"

"வாயைக் கழுவு. உண்மையை எழுதினா இன்சூரன்ஸ் தர மாட்டான். இன்சூரன்ஸ் இல்லேன்னா உன் பொண்ணு 'வராதீங்கப்பா'ம்பா. பேரப்பிள்ளையை போட்டோவுல பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யார்கிட்டயாவது மூச்சு விட்டே, அவ்வளவுதான்."

ஏஜென்ட் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

"கமிஷனுக்காகக் கழுத்தறுக்கறவன். சிரிப்பைப் பார்த்தாலே தெரியலை?" என்றாள் மனைவி.

மறுநாள் சாயங்காலம். மனைவி தையற்கடைக்குப் போயிருந்தாள். இன்னும் விளக்குப் போடவில்லை. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"காப்பீட்டுக் கம்பெனி டாக்டர் பேசறேன்." பெண் குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. "இதய நோய் உண்டா?"

"இல்லை."

"கையை எடுங்க."

"எந்தக் கையை?"

"நெஞ்சு மேல வெச்சிருக்கீங்களே, அதை."

ஓவர்சியர் குனிந்து பார்த்தார். வலது கை சட்டைப்பையை மூடிக்கொண்டிருந்தது. எப்போது போனது? அவருக்கே தெரியாது. சுட்டதுபோல எடுத்தார்.

எதிர் வீட்டு ஜன்னல் இருண்டு கிடந்தது. எழுந்து போய்த் திரையை இழுத்தார்.

"திரையை மூடி என்ன சார் பிரயோஜனம்?" என்றது குரல்.

ஓவர்சியருக்கு வியர்த்தது.

"மாடிப்படித் திருப்பத்துல நின்னுடறீங்க. ஷூ லேஸ் கட்டற மாதிரி குனியறீங்க. நீங்க போட்டிருக்கறது செருப்பு."

அவர் விளக்கைப் போட்டார். அலமாரி மேலே பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார். தூசிதான் இருந்தது.

"பையில என்ன மாத்திரை?"

"அது... ஏப்பத்துக்கு."

"ஏப்பத்துக்கு யாராவது சுவர் பக்கம் திரும்பி, நாக்குக்கு அடியில வெச்சுக்குவாங்களா?"

"யார் நீ? எங்கேயிருந்து பார்க்கறே?"

அதட்டத்தான் நினைத்தார். குரல் கம்மியது.

"நான் எங்கே இருந்தா என்ன? அந்த ஊர்ல நீங்க விழுந்தா ஓடி வந்து தூக்கப் போறது யாரு? பிள்ளை பெத்துப் படுத்திருக்கப் போற உங்க பொண்ணுதானே?"

ஓவர்சியர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போனில் சத்தமே இல்லை. காதுக்குள் கேட்டதெல்லாம் அவருடைய நெஞ்சுத் துடிப்பு மட்டும்தான். அதுவும் ஒழுங்காக இல்லை.

"இருக்கு," என்றார் கடைசியில். "ஸ்டென்ட் இருக்கு. படி ஏறினா நெஞ்சைப் பிடிக்குது. எழுதிக்கோ. நான் போகலை. போதுமா?"

"போகலாம் சார்." குரலில் முதல்முறையாக ஒரு மனுஷி தெரிந்தாள். "இருக்கற நோயைச் சொல்லிட்டா அதுக்கும் சேர்த்தே எங்ககிட்ட காப்பீடு இருக்கு. பிரீமியம் ஏறும். படி ஏறினாப் பிடிக்குதுங்கறதை முதல்ல உங்க இதய டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் சரிபண்ணி, போகலாம்னு கடிதம் தரட்டும். பிரசவத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்."

"நெஜமாவா?"

"கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்போம்."

கதவு திறந்தது. தைத்த துணியோடு மனைவி உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பதறினாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"நீதானே சொன்னே? எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கே!"

"நான் யார்கிட்ட மூச்சு விட்டேன்? வாயைத் திறக்கக்கூடாதுன்னு மிரட்டினதே நீங்கதானே!"

போன் பேசியது.

"அவங்களைத் திட்டாதீங்க சார். இந்த வீட்டுல கேமராவும் இல்லை. நீங்க திரையை இழுத்தப்போ வளையம் உரசின சத்தம் கேட்டுச்சு. மத்ததெல்லாம் ஒருத்தர் சொன்னது. உங்க பின்னாலேயே படி ஏறி வந்தவர். நீங்க 'இல்லை, இல்லை'ன்னு சொல்றப்பல்லாம் கை எங்கே போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தவர்."

"அதை என் மூஞ்சிக்கு நேராச் சொல்றதுக்கென்ன அவனுக்கு?"

"சொன்னா அவரைத் துரத்திட்டு, வேற ஆளைப் பிடிச்சு இதே பொய்யை எழுதுவீங்களாம். அதான் சிரிச்சுக்கிட்டே கையெழுத்தை வாங்கியிருக்கார். அதைக் கம்பெனிக்கு அனுப்பவே இல்லை. கிழிச்சுப் போட்டுட்டு நேரா என்கிட்ட வந்தார். 'சார் வாயாலேயே உண்மையை வரவழைங்கம்மா, இல்லேன்னா மனுஷன் போய்ச் சேர்ந்துடுவார்'னார்."

ஓவர்சியரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு, அந்தக் கமிஷன்காரனா?" என்றாள் மனைவி.

"உங்க ஏஜென்ட்தான்."