பாதிக்குப் பாதி

"வீட்டு வேலையில நீங்க எவ்வளவு செய்வீங்க சார்?" என்று கேட்டாள் வீடு வீடாகத் தகவல் திரட்டும் ஆய்வு மாணவி.

"பாதிக்குப் பாதி. எல்லாத்தையும் அவ தலையில கட்ட முடியுமா?" என்ற கணவர் சோபாவில் சாய்ந்தபடியே மனைவிக்குக் குரல் கொடுத்தார். "இவங்களுக்குத் தண்ணி கொண்டா. அப்படியே ஃபேனைக் கூட்டி வை."

ரிமோட்டை எடுத்துக் கொடுக்க, போனை எடுத்துக் கொடுக்க என்று மனைவி மறுபடி மறுபடி வந்து போனாள். மாணவி பேப்பரில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பதிலெல்லாம் எழுதிக்கிட்டீங்களா?"

"இல்ல சார். கேள்வியெல்லாம் சும்மா பேச்சுக் கொடுக்கத்தான். அரை மணி நேரத்துல யார் எத்தனை தடவை எழுந்திரிக்கிறாங்கன்னு பாக்கறதுதான் எங்க ஆய்வு. அக்கா ஒன்பது, நீங்க பூஜ்யம்."

"அதெப்படி? காட்டுங்க பேப்பரை," என்றவர் உள்பக்கம் திரும்பினார். "என் கண்ணாடியை எடுத்துட்டு வா."

கண்ணாடியோடு வந்த மனைவி மாணவியிடம் சொன்னாள்: "பத்துன்னு திருத்திக்கோம்மா."