வசவு நோட்டு

“கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்.”

போனில் லோன் வசூல்காரன் கொதித்தான். “என்னடா, போலீஸ்ல குடுக்கப் போறியா? தாராளமாக் குடு! சாயங்காலத்துக்குள்ள தவணை வரலைன்னா உங்கம்மாவுக்கே போன் போடுவேன். உன்னைப் பெத்த வயிறு பத்திக்கிட்டு எரியணும்!”

இவன் ‘பெத்த வயிறு’ என்று நோட்டில் குறித்துக்கொண்டான். இருபத்து நாலு வயசுக்கு நாலு லோன் ஆப், ரெண்டு கிரெடிட் கார்டு. தலைக்கு மேல் வெள்ளம் போயாச்சு, ஜாண் என்ன முழம் என்ன? ஆனால் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. காதைக் கழுவ முடியாததால் பஸ் ஸ்டாப் குழாயில் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். கசப்பு போகவில்லை.

ஆபீஸில் மேனேஜர் முதுகில் தட்டினார். “நேத்து பின்னிட்டே தம்பி! இப்படி வார்த்தையெல்லாம் எங்கேருந்துடா புடிக்கிறே?”

“தினம் காலையில காதுல வந்து விழுது சார்.”

“இன்னிக்கு ரெண்டு பேரைக் கட்ட வெச்சிடு. சாயங்காலமே கமிஷன்.”

கமிஷன் வந்தால் தவணை கட்டலாம். அம்மாவின் போன் அடிக்காது. ஹெட்செட்டை மாட்டி, நோட்டைப் பிரித்து, முதல் எண்ணை அழுத்தினான்.

“சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா உங்கம்மாவுக்கே போன் போடுவேன். உன்னைப் பெத்த வயிறு பத்திக்கிட்டு எரியணும்!”

எதிர்முனையில் காகிதம் புரண்டது. அழுகை இல்லை. ஓர் இளம்பெண்ணின் குரல் நிதானமாகக் கேட்டது:

“கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்.”