டீச்சர் கொடுத்த புகார்

"எழுதிக்குங்க சார். என் செல்போனைத் திருடினது இவன்தான்."

டீச்சர் அவ்வளவு நேரம் பிடித்திருந்த பையனின் கையை விட்டார். விட்ட பிறகும் அவன் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த செல்போனைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். பதினாறு வயது இருக்கும். சட்டை மட்டும் தனியாக நிற்கிறதோ என்று நினைக்கும்படி ஒல்லி.

"இந்த ஒட்டடைக்குச்சியை எங்கயோ பார்த்திருக்கேனே?"

"போன வருஷம் சைக்கிள் திருடினவன் சார்," என்றார் மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த காவலர். "சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினோம். நல்ல நடத்தைன்னு தண்டனையைக் குறைச்சுப் போன வாரம்தான் விட்டாங்க. அதுக்குள்ள மாமியார் வீட்டு ஞாபகம் வந்துடுச்சு போல."

"டீச்சர், நீங்க?"

"அந்த இல்லத்துலதான் பாடம் நடத்தறேன்."

"டேய், உனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்களா இவங்க? உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணியிருக்கியே! எடுத்தியா, இல்லையா?"

"எடுத்தேன் சார்."

"எதுக்கு?"

பையன் டீச்சரை ஒரு முறை பார்த்தான். "விக்கறதுக்கு சார். தப்புதான். தண்டனை குடுங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த ரூம்ல தப்புன்னு ஒருத்தன் ஒத்துக்கிட்டு எத்தனை நாளாச்சு! என்னடா படிக்கிறே?"

"பத்தாவது சார். திங்கட்கிழமை பரீட்சை."

டீச்சர் கண்களை மூடிக்கொண்டார்.

"நாளான்னிக்குப் பரீட்சையா?" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீச்சர், நான் கேஸ் எழுதினா இன்னிக்குச் சாயங்காலமே இவன் மறுபடியும் இல்லத்துக்குள்ள போயிடுவான். தெரியுமில்ல?"

"தெரியும் சார். எழுதுங்க."

"படிப்பு சொல்லிக் குடுத்த நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

"தப்பு செஞ்சா தண்டனை உண்டு சார். எழுதுங்க."

"வாத்தியாரம்மாவுக்குக் கல்லு மனசு," என்று காவலர் டீ டம்ளரிடம் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. மறுபடியும் மூடினார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் டீச்சர். இவன் வயசுல ஒரு தடவை உள்ள போனான். வந்தான். மறுபடியும் போனான். அப்புறம் வீட்டுக்கு வரவே இல்ல. அன்னிக்கு யாராவது ஒரு புண்ணியவான், 'சரி, போடா'ன்னு விட்டிருந்தா, எங்கம்மா நிம்மதியாக் கண்ணை மூடியிருப்பாங்க."

அவர் செல்போனை எடுத்து டீச்சரின் கையில் வைத்தார்.

"பொருள் கிடைச்சாச்சு. கடவுள் நம்மளை எத்தனை தடவை மன்னிச்சிருப்பார்? நீங்க ஒரு தடவை மன்னிங்க."

"சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இவனை விட்டுடாதீங்க. நாளைக்கே மறுபடியும் எடுப்பான்."

"எடுத்தாக் கூட்டிட்டு வாங்க. அன்னிக்கும் புத்தி சொல்லி அனுப்பறேன்." இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, தன் பேனாவைப் பையனின் சட்டைப் பையில் செருகி, தோளைத் தட்டினார். "நல்லா எழுதுடா தம்பி. ரிசல்ட் வந்ததும் முதல்ல எனக்குத்தான் சொல்லணும், என்ன?"

பையன் தலையாட்டினான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து இன்ஸ்பெக்டருக்கும் கலங்கியது.

வெளியே வெயில் சுட்டது. டீச்சர் ஸ்டேஷன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பரீட்சைன்னு ஏன்டா சொன்னே?"

"கேட்டார் டீச்சர். வாயில வந்துடுச்சு."

அவன் பரீட்சை எழுத வேண்டிய இடம் இல்லத்துக்குள்ளேதான் இருந்தது. விடுதலையானவனை உள்ளே விட விதியில்லை. வெளியே எந்தப் பள்ளியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு வாரமாக டீச்சர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. வேறு வழி தெரியாமல், இன்று காலை தன் செல்போனைத் தானே அவன் பையில் போட்டு அழைத்து வந்திருந்தார்.

"உண்மையைச் சொல்லியிருந்தா அவரே உதவி பண்ணியிருப்பாரே டீச்சர்?"

"பொய்க் கேஸ்னு தெரிஞ்சா எழுதவே மாட்டார்டா. ரொம்ப நல்ல மனுஷன்."

பையன் தெருவின் இரு பக்கமும் பார்த்தான்.

"அப்ப வேற ஸ்டேஷனுக்குப் போலாமா டீச்சர்? கொஞ்சம் கெட்டவங்க இருக்கிற ஸ்டேஷனா?"